வலது காதுக்கு மட்டும் ஒரு நாடகம்

திரை விலகியதும் பொட்டலம் வழக்கம்போல மெக்கானிக்கின் வலது காதில் வாயை வைத்தார்.

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்தக் காதுக்குள் வெள்ளிக்கிழமையிலிருந்து கடுகளவு மெஷின் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மகள் வாங்கி மாட்டிவிட்டது. மாட்டிய அன்றே, மனைவி அடுப்படியில் தன்னைப் பற்றி முணுமுணுப்பது ஒரு சொல் விடாமல் கேட்டுவிட்டது. முன்பே தெரிந்திருந்தால் வேண்டாமென்றிருப்பார்.

பொட்டலத்திடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. நாடகம் முடிந்து, மூலைக் கடையில் ஆம்லெட்டும் காபியும் வந்தபிறகு சொல்லி அசத்த வேண்டும் என்று வைத்திருந்தார்.

இருவரும் ஆணித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள். இவர் மெஷினைப் பார்த்துக்கொண்டார். மெஷின் துப்புகிற ஆணியை அவர் பொட்டலம் போட்டார். பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

கம்பி வெட்டும் சத்தத்தில் அங்கே யாரும் வாயால் பேசியதில்லை. கையை மூடிக் காட்டினால் நிறுத்து. ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் ஓட்டு.

வேலையை விட்டும் பொட்டலம் ஜாடையை விடவில்லை. கடையிலும் விரலைக் காட்டித்தான் ஆம்லெட் சொல்வார். சர்வர் ஏதாவது திருப்பிக் கேட்டால் பெருந்தன்மையாகத் தலையாட்டுவார். ஒருமுறை அப்படித் தலையாட்டி ஏழு ஆம்லெட் வந்து சேர, இருவருமாகத் தின்று தீர்த்தார்கள்.

எல்லாம் நம் காதுக்காகத்தானே என்று மெக்கானிக் நெகிழ்ந்துபோவார்.

வேலை முடிந்து வீட்டோடு ஆனதும் காது மந்தமாகி, நாலு பேர் பேசுகிற இடமே வேண்டாமென்று அவர் முடங்கிக் கிடந்தார். ஞாயிற்றுக்கிழமை மதிய நாடகத்துக்கு அவரை இழுத்து வந்தது பொட்டலம்தான். ஆறு வருடமாக ஒரு ஞாயிறு தப்பவில்லை. காதோடு காதாக முழு நாடகத்தையும் சொல்லிவிடுவார். அந்த ரகசியம் நாலு வரிசைக்குக் கேட்கும் என்பதால், அரங்கத்துக்காரர் இருவரையும் முதல் வரிசை ஓரத்துக்குத் தள்ளிவிட்டிருந்தார்.

இன்றும் பின்னாலிருந்து யாரோ 'உஷ்' என்றார்கள். பொட்டலம் சட்டை செய்யவே இல்லை. ஆளுக்கு என்ன நெஞ்சழுத்தம் என்று மெக்கானிக் வியந்தார்.

மேடையில் ஒருத்தி சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"அவன் தம்பி சாகலையாம்டா. கடிதாசி வந்திருக்கு. அதை மேஜை விரிப்புக்கு அடியில வச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி தொடைக்கிறா பாரு" என்றார் பொட்டலம்.

அவள் பேசியது மெஷின் வழியே பளிச்சென்று கேட்டது. கூரை ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிடுங்கள் என்கிறாள். அவன் குடை எங்கே என்கிறான். கடிதாசியும் இல்லை, தம்பியும் இல்லை.

மெஷின்தான் கோளாறு என்று மெக்கானிக் தட்டிப் பார்த்தார். கோளாறு கண்டுபிடிப்பது அவர் பிழைப்பு. மெஷினில் ஒன்றுமில்லை.

அப்படியானால் இந்த ஆறு வருடமும்?

ஒரு நாடகத்தில் கப்பலோடு முழுகிய மாமியாருக்காக விம்மி அழுதிருக்கிறார். அதை வீட்டில் போய்ச் சொல்லி மனைவியையும் அழவைத்திருக்கிறார். படுபாவி காதில் பூ சுற்றியிருக்கிறான், அதுவும் கேட்காத காதாகப் பார்த்து. காபி வரட்டும், பேசிக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தார்.

அப்போது, கூரை இடிந்து விழுந்ததென்று காட்ட, மேடைக்குப் பின்னால் ஒரு கூடைப் பீங்கானைப் போட்டு உடைத்தார்கள்.

அரங்கம் முழுக்கத் தூக்கிவாரிப் போட்டது. மெக்கானிக் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

பொட்டலம் அசையவில்லை.

பிறகு மெதுவாகத் திரும்பி, பக்கத்தில் இருந்தவர்கள் நெஞ்சில் கைவைத்துச் சிரிப்பதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, தானும் அவசரமாக நெஞ்சில் கைவைத்துச் சிரித்தார்.

மெக்கானிக் அப்படியே உட்கார்ந்தார்.

அவராவது பழுது பார்க்கும்போது மெஷினை நிறுத்திவைத்திருந்தார். ஆணி வந்து விழுகிற வாயிலேயே முப்பத்தொரு வருடம் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தவன் பொட்டலம். இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

கோபம் போன இடம் தெரியவில்லை. கண் நிறைந்து மேடை கலங்கியது.

காது டாக்டரிடம் நாளைக்குக் காலையில் தானே கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். முரண்டு பிடிப்பான், பிடிக்கட்டும்.

அது நாளைக்கு. இப்போது தம்பி எங்கோ உயிரோடு இருக்கிறான். கடிதாசி மேஜை விரிப்புக்கு அடியில் கிடக்கிறது.

மெக்கானிக் காதிலிருந்ததைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். பொட்டலம் பார்க்கும்படி முகத்தை நேரே திருப்பி, ஆள்காட்டி விரலைச் சுழற்றிக் காட்டினார்.