வால்வு திரும்பும் பக்கம்

ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் மாலை வெளிச்சம் மங்குகிறது. தொலைக்காட்சியின் ஒளி சுகந்தியின் முகத்தில் அலைகிறது. கார்ட்டூனில் ஓர் ஆறு கறுத்து ஓடுகிறது. மீன்கள் செத்து மிதக்கின்றன. பச்சை அங்கி வீரன் பறந்து வந்து, தொழிற்சாலைக் குழாயின் இரும்பு வால்வைப் பிடித்துத் திருப்புகிறான். “அடைச்சிட்டாருப்பா!” என்று அவள் கைதட்டுகிறாள். இரவு ஷிப்டுக்குச் சீருடை மாட்டிக்கொண்டிருக்கும் அப்பா ஏரம்பமூர்த்தி சிரிக்கிறார். “இல்லம்மா, அந்தப் பக்கம் திருப்பினா தொறந்துக்கும் லா.” அவர் கை காற்றில் இடப்பக்கமாகச் சுழன்று காட்டுகிறது. சுகந்தி திரையை விட்டுவிட்டு அந்தக் கையைப் பார்க்கிறாள். “உங்க ஃபேக்டரியிலயும் இது இருக்காப்பா?” கை மெல்லக் கீழே இறங்குகிறது. வெளியே தகரக் கூரைகளில் தூறல் விழுகிறது. மழை பெய்யும் இரவுகளில்தான் ஜுருவில் இருக்கும் ஃபேக்டரியில் அவர் அப்படியொரு வால்வைத் திறப்பார். கழிவுநீர் மழைவெள்ளத்தோடு ஆற்றுக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. மழை வலுக்கிறது. கீழே ஃபேக்டரி பஸ் ஹாரன் அடிக்கிறது. தினமும்போல் சுகந்தி ஓடிப்போய் ஆணியில் தொங்கும் அவருடைய மழைச்சட்டையை எடுக்கிறாள். அவர் கையை நீட்டுகிறார். அவள் அதைக் கொடுக்காமல், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவை மறித்து நிற்கிறாள்.