ஏழு நிமிஷ லேப்டாப்

“வேகமா ஓடுற டிஸ்க் வேண்டாம்ப்பா. இருக்கிறதுலயே மெதுவானதா ஒண்ணு எடு,” என்றார் வந்தவர்.

மெக்கானிக்குக்குக் காது சரியாகத்தான் கேட்டது. பன்னிரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறான், இப்படி ஒரு கிராக்கி வந்ததில்லை. மேஜைமேல் அவர் கொண்டுவந்த பழைய லேப்டாப், ஆன் செய்து மூன்று நிமிஷமாகியும் கறுப்புத் திரையோடு முனகிக்கொண்டிருந்தது.

“சார், இந்த ஹார்ட் டிஸ்க் இன்னும் ஒரு வாரம் தாங்காது. எஸ்எஸ்டி போட்டுத் தரேன். இருபது செகண்ட்ல திறந்துடும்.”

“அப்படித் திறந்தா ஒரு பொண்ணுக்கு வேலை போயிடும்.”

மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இது எங்க மேனேஜரோட லேப்டாப். சரியா ஒன்பது மணிக்கு ஆன் ஆகும். யார் வந்தாங்க, யார் லேட்டுன்னு பதிவு பண்றது இதுலதான். இது திறக்க ஏழு நிமிஷம். அதுக்குள்ள உள்ளே வந்துட்டா லேட் கிடையாது. எங்க ஆபீஸ்ல அது எழுதாத சட்டம்.”

“யார் அந்தப் பொண்ணு?”

“பார்சல் கட்டுற பொண்ணு. குழந்தையை ஸ்கூல்ல விட்டுட்டு வரணும். அங்க கேட் திறக்கிறதே எட்டே முக்காலுக்கு. தலைதெறிக்க ஓடி வந்தாலும் ஒன்பது அஞ்சு ஆயிடும். போன மாசம் இது மக்கர் பண்ணி ரெண்டு நாள் வேற கம்ப்யூட்டர்ல பதிவு போட்டோம். ரெண்டு நாளும் லேட். தலைமை ஆபீஸ்லேருந்து கடிதம் வந்துடுச்சு. இன்னொண்ணு வந்தா வீட்டுக்குத்தான்.”

“மேனேஜர்கிட்ட எடுத்துச் சொல்லலாமே சார்.”

“வெளிப்படையா ஒருத்தருக்கு விட்டா, பத்துப் பேரும் கேட்பாங்க. அதுவும் இல்லாம, சிடுமூஞ்சின்னே அவருக்குப் பேரு.”

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. ஒரு ஆபீஸே சேர்ந்து மேனேஜர் கண்ணில் மண்ணைத் தூவுகிறது, அதில் தானும் ஒரு பிடி தூவினால் என்ன என்று அவனுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. இழுப்பறையைக் குடைந்து, சுழலுகிற பழைய வகை டிஸ்க் ஒன்றை எடுத்தான்.

“இதைப் போட்டு, உள்ளே இருக்கிற எதையும் குறைக்காம அப்படியே மாத்தித் தரேன். ஆறு நிமிஷத்துக்குக் குறையாது. மக்கரும் பண்ணாது.”

“ஆறு போதும். அஞ்சுல வந்துடுவா.”

அதற்குள் லேப்டாப் ஒருவழியாகக் கண்ணைத் திறந்து பாஸ்வேர்டு கேட்டது. வந்தவர் கீபோர்டைப் பார்க்காமலே டகடகவென்று தட்டினார். இதைக்கூடத் தெரிந்து வைத்திருக்கிறாரே, பலே ஆள்தான் என்று மெக்கானிக் நினைத்துக்கொண்டான்.

“எல்லாம் சரி சார். இந்தத் தில்லுமுல்லை அந்தச் சிடுமூஞ்சி என்னைக்காவது கண்டுபிடிச்சிட்டா?”

வந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“நாலு வருஷமா கண்டுபிடிக்காத மாதிரிதானேப்பா உட்கார்ந்திருக்கேன்.”