அடிப்பிடிக்கும் வாசம்

வைத்தியர் சொன்ன பக்குவத்தில் அரிசியும் பாசிப்பருப்பும் இஞ்சி, சீரகத்தோடு குழைந்து கொதிக்கின்றன. ஜன்னல் வெயிலில் ஆவி மஞ்சளாக எழுகிறது. உள்ளறையில் மாமனார் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். ஆயுசெல்லாம் கேன்டீனில் ஊருக்கே ஆக்கிப் போட்டவர். மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து வாயில் ஒரு பருக்கை இல்லை, ஒரு வார்த்தையும் இல்லை. கஞ்சி தடித்துப் பொத்துப் பொத்தென்கிறது. இப்போது கிளறியாக வேண்டும். மருமகள் அகப்பையைப் பிடித்தபடி வேண்டுமென்றே சும்மா நிற்கிறாள். பாத்திரத்தின் அடியிலிருந்து தீய்ந்த வாசம் மெல்லக் கிளம்பி, கதவைத் தாண்டி உள்ளே போகிறது. அவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். கட்டில் கிறீச்சிடுகிறது.

"அடிப்பிடிக்குது பாரும்மா, அடுப்பக் குறை."

"இதோ மாமா." அவள் தீயைத் தணித்து அகப்பையைப் பாத்திரத்தில் இறக்குகிறாள்.

"அடியச் சுரண்டிடாத. மேலாப்ல எடு. எனக்கு ஒரு கரண்டி போதும்."