பத்திரமான மோட்டார்

“பாய், அவுக படகுல மாட்டின பத்து குதிரைசக்தி மோட்டாரக் கழத்திருங்க. சாயங்காலம் அவுக வரதுக்குள்ள அஞ்சு குதிரைசக்தி மோட்டார மாட்டுங்க. மேல மட்டும் பத்துன்னு பெயின்ட் அடிச்சிருங்க” என்றாள் பேராச்சி.

தாராவிப் பட்டறையில் கரீம் பாட்சா திகைத்தார்.

“கவிழ்ந்திரும்னு பயமா? ஒம் புருசன் இருபது கேட்டான், நான்தான் மறுத்தேன். இந்த அலுமினியப் படகுக்குப் பத்துதாம்மா பத்திரம்.”

“அஞ்சு போதும் பாய்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “சாராய டின்ன ஏத்திக்கிட்டு அஞ்சுல போனா, போலீஸ் ரோந்து லாஞ்சு பிடிச்சிருமே!”

“பிடிக்கட்டும்” என்றாள் வாசலைப் பார்த்துக்கொண்டே. “நேத்து தப்பிச்சு ஓடின படகுல இருந்தவனச் சுட்டுக் கொன்னுட்டாக. ஜெயிலுன்னா, மனு போட்டாவது அவுக மூஞ்சியப் பாத்துக்கிடுவேன்.”