தலை காட்டாதவன்

“உங்க விமானந்தாங்கிக் கப்பல்ல எனக்கு ஒரு இடம் கிடைக்குமா சார்?”

“கிடைக்காது. நீர்மூழ்கிக்குப் போ. வெளியில தலை காட்டாம இருக்கறதுதான் உனக்கு நல்லது.”

கேப்டன் அன்று சொன்னது அவன் நெஞ்சில் முள்ளாய்த் தங்கிவிட்டது.

இப்போது அவனே ஒரு நீர்மூழ்கியின் தலைவன். வருங்காலக் கடற்படைக்கு எது தேவை என்று பார்க்க நடந்த போர் ஒத்திகையில், அதே கேப்டனின் விமானந்தாங்கியை யார் கண்ணிலும் படாமல் நெருங்கி, ‘மூழ்கடித்து’விட்டான்.

அன்றைய விருந்தில், பெரிஸ்கோப் வழியே அவன் எடுத்த படம் திரையில் விழுந்தது. கப்பலின் மேல்தளத்தில் கேப்டன் நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அரங்கம் கொல்லென்று சிரித்தது. மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேப்டனின் முகத்தில் ஈயாடவில்லை.

“இத்தனை விமானம் வெச்சிருந்தும் கோட்டை விட்டுட்டீங்களே!” என்று அவரைச் சீண்டிய தளபதி, அவன் பக்கம் திரும்பினார். “ஒளியறதுல நீ கில்லாடிப்பா! யார்கிட்டே கத்துக்கிட்டே?”

“இவர்கிட்டேதான் சார்,” என்று கேப்டனைக் காட்டினான். “சின்ன வயசுலேர்ந்தே.”

கேப்டன் எழுந்திருக்கப் பார்த்தார். அவன் வழிமறித்து நின்றான்.

“எங்கம்மாவை ஒளிச்சு வெச்சீங்க. என்னையும் ஒளிச்சு வெச்சீங்க. இப்ப எல்லாரும் இருக்காங்க. நான் உங்க பையன்னு வாய் விட்டுச் சொல்லுங்கப்பா!”