பாதி மின்னூட்டம்

ஆய்வகத்தில் ஒரே அளவும் எடையும் உள்ள இரண்டு நெட்டிப் பந்துகள் பட்டு நூலில் பக்கம் பக்கமாகத் தொங்கின; முதலில் கட்டப்பட்டது பெரியது, அடுத்தது சின்னது. ஒரு நாள் யாரோ கண்ணாடித் தண்டைப் பட்டுத் துணியில் தேய்த்து, பெரிய பந்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அதன் உடம்பில் மின்னூட்டம் ஏறிவிட்டது.

"என்னக்கா, ஒரு மாதிரி இருக்கே?" என்றது சின்னப் பந்து.

"தாங்க முடியலடி. நீ கிட்ட வராதே."

சின்னதை ஏதோ இழுத்தது. "பாதியை எனக்குக் குடுத்துடு" என்று போய் ஒட்டிக்கொண்டது.

கேட்டபடியே பாதி மின்னூட்டம் அதற்கு வந்தது. வந்த உடனே இரண்டும் விலகி, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன.

"ஏன்க்கா என்னைத் தள்ளுறே?"

"நான் எங்கடி தள்ளினேன்? நீதான் தள்ளுறே."

பின்னால் இருந்த கோணமானி இரண்டு நூல்களின் சாய்வையும் அளந்து பார்த்தது. "ரெண்டு பேரும் ஒரே அளவுக்குத்தான் தள்ளுறீங்க" என்றது.



"தொடாம பக்கத்துல மட்டும் இருந்திருக்கலாம், இல்லக்கா?"

"இருந்திருக்கலாம்" என்றது பெரியது. "ஆனா நீ தொட்டப்போதான் எனக்குப் பாரம் குறைஞ்சுது."