பையின் முன் ஜிப்

“என்னமோ சொல்லுதே, மாப்பிள்ளை?”

மாமனார் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி, கண்ணாடியை மூக்கில் சரி செய்துகொண்டு திரையைப் பார்த்தார்.

“அது அப்படித்தான் மாமா சொல்லும்” என்றான் மாப்பிள்ளை.

திரை தெளிவாகத்தான் சொல்லியிருந்தது. இந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் எக்செல் முப்பத்திரண்டு பிட், பழைய வகை. நீ ஏற்றப் பார்க்கும் டிரைவர் அறுபத்து நான்கு பிட், புது வகை. இரண்டுக்கும் ஒத்துவராது.

மருந்து மொத்த விற்பனைக் கடை அது. ஊரிலுள்ள மருந்துக் கடைகளின் ஆர்டரெல்லாம் எக்செல்லில் வரும். பில் போடும் மென்பொருள் அதை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுத்துக் கொடுக்கிற வேலை டிரைவர் என்கிற சின்ன நிரலுடையது. இன்று காலை பார்த்தால் அதைக் காணோம்.

“நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு. பாப்பாதான் கடைசியா எல்லாத்தையும் மூடிட்டு வந்தா” என்று மாமனார் மூன்றாவது முறையாகச் சொன்னார்.

பாப்பா என்றால் அவர் மகள், இவன் மனைவி. தினமும் அந்த ஆர்டர்களை ஏற்றுகிறவள் அவள்தான். இன்றைக்குப் பார்த்து அவளுக்குத் தலைவலி. “நீங்க போய்ப் பாருங்களேன்” என்று பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

மாப்பிள்ளை லீவில் இருப்பதாக மாமனார் நினைத்துக்கொண்டிருந்தார். அவனுக்கு வேலை போய்விட்டது என்பது மனைவிக்கு மட்டும்தான் தெரியும். கடைக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று மாமனார் சொன்ன நாளிலிருந்து அவள் இவனை நச்சரித்துக்கொண்டிருந்தாள். அப்பா கண்ணெதிரே ஒரு தடவை எதையாவது சரி பண்ணிக் காட்டுங்க, மீதியை நான் பார்த்துக்கறேன் என்று.

அந்த ஒரு தடவை இதோ, தானாக வந்து வாசலில் நிற்கிறது!

செய்ய வேண்டியது சின்ன வேலை. முப்பத்திரண்டு பிட் டிரைவரைத் தேடி எடுத்து ஏற்றிவிட்டு எழுந்திருக்கலாம்.

ஆனால் வாய் இருக்கிறதே, வாய். வந்து உட்கார்ந்ததுமே அவன் சொல்லிவிட்டான்: “இதெல்லாம் ரொம்பப் பழசு மாமா. ஒரேயடியா புதுசாக்கிடறேன்.”

சொன்ன பிறகு பழையதைத் தேடுவது எப்படி? பின்னால் வேறு மாமனார் மூச்சு விடுவது கேட்கிறது.

பழைய எக்செல்லைத் தூக்கினான். அவன் கொண்டுவந்திருந்த சிடியிலிருந்து புதிதாக அறுபத்து நான்கு பிட் எக்செல் வந்து உட்கார்ந்தது. அறுபத்து நான்கு பிட் டிரைவரும் சமர்த்தாக ஏறியது. அவன் திரும்பி மாமனாரைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கூட வைத்தான்.

பில் போடும் மென்பொருளைத் திறந்தான். அது முப்பத்திரண்டு பிட் காலத்து ஆசாமி. புது டிரைவர் இருப்பதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை. காலையில் காட்டிய அதே பிழையை மறுபடி காட்டியது.

திரும்பவும் முயன்றான். அணைத்துப் போட்டான். கழுத்தில் வேர்வை இறங்கியது. பழைய எக்செல்லையாவது திரும்பக் கொண்டுவரலாம் என்றால், அதன் சிடி கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரிடம் இருந்தது. அவர் நாளைக்குத்தான் வருவார்.

வாசலில் டெலிவரி ஆட்கள் பைக்கின் மேல் சாய்ந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஒரு மருந்துக் கடைக்காரர் போன் செய்து, இன்சுலின் கேட்டு ஆள் காத்திருக்கிறார் என்று சத்தம் போட்டார்.

மாமனார் அலமாரியிலிருந்து பழைய பில் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார்.

“போகட்டும் விடுங்க மாப்பிள்ளை. கையால எழுதிக்கலாம். டீ சொல்லட்டுமா?”

திட்டியிருக்கலாம். உனக்கு இது தெரியாதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டீ சொல்லட்டுமா என்று கேட்டதுதான் அவனைக் கொன்றது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. மனைவி.

“முடிச்சிட்டீங்களா? அப்பா என்ன சொன்னார்?” குரலில் தலைவலியின் சுவடே இல்லை.

அவன் மாமனாரின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான்.

“பையில முன் ஜிப்ல பென் டிரைவ் இருந்துச்சே, அதைத்தானே போட்டீங்க? முப்பத்திரண்டுன்னு சீட்டுகூட ஒட்டி வெச்சேனே!”

கம்ப்யூட்டரில் என்ன காணாமல் போனது என்று அவன் அவளிடம் சொல்லவே இல்லை. மாமனாருக்கும் அந்தப் பெயர் தெரியாது.

பையை மடியில் இழுத்து முன் ஜிப்பைத் திறந்தான். இருந்தது. அவளுடைய குண்டு குண்டான எழுத்தில் 32. இனி அதை ஏற்றினாலும் ஏறாது. அவன் கொண்டுவந்து வைத்த புது எக்செல் அதை உள்ளே விடாது. அதையும் எடுத்துவிட்டால் ஆர்டரைத் திறக்க எக்செல்லே இருக்காது.

“சரி, போனை அப்பாகிட்ட குடுங்க. சந்தோஷமா இருக்கறப்பவே உங்க வேலை விஷயத்தைக் கேட்டுடறேன்.”

மாமனார் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். எழுதிப் பழக்கம் விட்டுப்போன கை. ஒரு வரி எழுதிவிட்டு விரல்களை உதறிக்கொண்டார்.

“யாரு, பாப்பாவா?” என்றார் நிமிராமலே. “தலைவலி தேவலையான்னு கேளுங்க.”

மாப்பிள்ளை பென் டிரைவை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான்.

“தலைவலி தேவலையான்னு அப்பா கேக்கறார்” என்றான்.